பல்கலைக்கழக நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்: அறைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு எங்களை உள்ளே அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய பதிவாளர்கள், வளாகப் பொறியாளர்கள், துறைத் தலைவர்கள், ஆய்வகப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

பல்கலைக்கழக வளாகங்களில் ஒப்பந்த வேலை எடுத்துச் செய்யும் நிறுவனங்களில் மேற்பார்வையாளராக இருப்பவன் நான். குழாய் உடைந்தாலும், கூரை ஒழுகினாலும், ஏசி ஓடாவிட்டாலும், பழைய ஆய்வகத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்றாலும் நீங்கள் கூப்பிடுவது எங்களைப் போன்றவர்களைத்தான். பிளம்பர், எலக்ட்ரீசியன், வெல்டர், பெயின்டர், துப்புரவுப் பணியாளர் என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு உங்கள் வளாகத்துக்குள் வருகிறோம். நீங்கள் தரும் ஒப்பந்தப் பத்திரத்தில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: பணியாளர்களின் பாதுகாப்புக்கு ஒப்பந்ததாரரே முழுப் பொறுப்பு. அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

எங்கள் கையில் இருக்கும் விஷயங்களுக்கு நாங்களே பொறுப்பு. அதில் மறுபேச்சு இல்லை. ஏணி ஆடக்கூடாது. கிரைண்டரின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலை செய்யக்கூடாது. உயரத்தில் ஏறுகிறவர் ஹார்னஸ் போட்டிருந்தால் மட்டும் போதாது, அதன் கொக்கியை எதில் மாட்டியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். பழக்கமில்லாத பையனைத் தனியாக ஒரு மின்பெட்டியின் முன் நிறுத்தக்கூடாது. இவற்றில் ஏதாவது தவறினால் எங்களை வெளியே அனுப்புங்கள், நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆனால் உங்கள் சுவருக்குள்ளும், குழாய்க்குள்ளும், மொட்டை மாடிப் புகைபோக்கிக்குள்ளும் என்ன இருக்கிறது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் நீங்கள். தெரிந்தவர் வாயைத் திறக்காமல் இருந்துகொண்டு, தெரியாதவரிடம் பொறுப்பை எழுதி வாங்கிக்கொள்வது நியாயமில்லை.

ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போனால் ஆபத்து என்னவென்று ஓரளவு ஊகிக்கலாம். அங்கே செய்வது ஒரே பொருள், ஓடுவது ஒரே மாதிரி இயந்திரங்கள், பெரும்பாலும் ஒரே வகை ரசாயனம். பல்கலைக்கழகம் அப்படி இல்லை. ஒரே தாழ்வாரத்தில் முதல் கதவு வகுப்பறை, அடுத்தது லேசர் அறை, அதற்கடுத்தது கிருமிகளை வளர்க்கும் அறை, கடைசியில் எரிவாயு சிலிண்டர் கிடங்கு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கதவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். போன வருடம் கருத்தரங்கு நடந்த அறை இந்த வருடம் ஆய்வகமாக மாறியிருக்கும். எங்களுக்குக் கொடுக்கும் வரைபடத்திலோ இன்னமும் கருத்தரங்கு அறை என்றே இருக்கும்.

ஆய்வகக் கழிவுநீர்க் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். பிளம்பருக்கு இதைவிடச் சாதாரணமான வேலை கிடையாது. சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை, வந்து பாருங்கள் என்பார்கள். உயிரியல், மருத்துவ ஆய்வகங்களில் கரைசல்கள் கெட்டுப்போகாமல் இருக்க சோடியம் அசைடு சேர்ப்பது வழக்கம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடங்கள் சிங்க்கில் ஊற்றி வந்தால், செம்பு, ஈயக் குழாய்களோடு சேர்ந்து அவற்றின் உட்புறத்தில் உலோக அசைடாகப் படியும். அந்தப் படிவு அடித்தாலோ உரசினாலோ வெடிக்கக்கூடியது. பிளம்பரின் வேலையே அடிப்பதும் உரசுவதும் அறுப்பதும்தானே? அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நையோஷ் 1976 ஆகஸ்டிலேயே இதைப் பற்றித் தனி எச்சரிக்கை வெளியிட்டது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும், ஆய்வக சிங்க்கைக் கழற்றச் சொல்லும் வேலை உத்தரவில் "இந்தக் குழாயில் என்ன ஊற்றப்பட்டது" என்று ஒரு கட்டம்கூட இருப்பதில்லை. ஊற்றியவர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார். அவருக்குப் பின் வந்தவருக்கு விவரம் தெரியாது. குழாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

பெர்குளோரிக் அமிலம் பயன்படுத்திய ஃப்யூம் ஹூடுகளின், அதாவது ரசாயன ஆவியை இழுத்து வெளியேற்றும் ஆய்வகக் கூண்டுகளின், கதையும் இதுதான். அந்த ஆவி டக்ட் எனும் காற்றுக் குழாய்க்குள் போய்க் குளிர்ந்து, வெடிக்கக்கூடிய பெர்குளோரேட் உப்பாகப் படிகிறது. அதனால்தான் அந்த வேலைக்கென்று தண்ணீரால் கழுவிவிடும் வசதியுள்ள தனி ஹூடு வைக்கச் சொல்கிறார்கள். சாதாரண ஹூடில் யாராவது அந்த அமிலத்தைச் சூடாக்கியிருந்தால், பிறகொரு நாள் டக்ட்டைக் கழற்ற உளியும் சுத்தியலுமாக வருகிற ஆளுக்கு அது தெரிய வழியே இல்லை. பழைய இயற்பியல் ஆய்வகங்களின் சிங்க் வளைவில் பாதரசம் தேங்கிக் கிடக்கலாம். எம்ஆர்ஐ அறையில் ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். மின்தடையே இல்லாத கம்பிச் சுருளால் ஆன மீக்கடத்திக் காந்தம் என்பதால் கரண்ட் போனாலும் அது அடங்காது. இரும்பு ஏணியோடு பல்பு மாற்றப் போகிறவரிடம் இதை யார் சொல்வது?

திரவ நைட்ரஜனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயுவாகும். நிறமில்லை, வாசனை இல்லை. காற்றோட்டம் குறைந்த சின்ன அறையில் அது கசிந்தால் ஆக்சிஜன் அளவு இறங்கிவிடும். சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே போனாலே அதை ஆபத்தான இடமாகக் கணக்கில் எடுக்கிறார்கள். மிகவும் குறைந்துவிட்டால், உள்ளே போகிறவருக்கு மூச்சு முட்டுகிற உணர்வு வருவதற்கு முன்பே நினைவு போய்விடும். அவர் விழுந்ததைப் பார்த்து அடுத்தவர் ஓடுவார். மூடிய இடங்களில் நடக்கும் சாவுகளில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களின் சாவுதான் என்று அதே நையோஷ் 1986-இல் எழுதியது. மேன்ஹோலுக்கும், நிலத்தடித் தொட்டிக்கும், குழாய்ச் சுரங்கத்துக்கும் இதுவே பொருந்தும். கூட வேலை செய்கிறவன் விழுந்தால் கை கட்டிக்கொண்டு நிற்க யாருக்கும் மனம் வராது. அதனால்தான் உள்ளே போகும் முன்பே காற்றை அளக்கும் கருவியும், மேலே இழுக்கும் கயிறும், வெளியே நிற்க ஓர் ஆளும், யாரைக் கூப்பிடுவது என்ற விவரமும் தயாராக இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

சொல்லாமல் விட்டால் இழப்பு எங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நியூயார்க் மாநிலத்தில் ட்ராய் நகரத்திலுள்ள ரென்ஸலேர் பாலிடெக்னிக் இன்ஸ்டிட்யூட்டில் 2020 செப்டம்பரில் நடந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய ஃப்ரீசர் ஒன்று அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. ஒப்பந்த நிறுவனத்தின் துப்புரவுப் பணியாளர் ஒருவர், அணைந்துபோன பிரேக்கரைப் போட்டுவிடுகிறோம் என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்ததை அணைத்துவிட்டார். இருபது வருடத்துக்கும் மேலான ஆராய்ச்சிப் பொருட்கள் கெட்டுப்போயின என்று அந்தத் துப்புரவு ஒப்பந்த நிறுவனத்தின்மேல் இன்ஸ்டிட்யூட் தரப்பில் 2023-இல் வழக்குப் போட்டார்கள். தனிப்பட்ட முறையில் அந்தப் பணியாளரைக் குற்றம் சொல்லாமல், அவருக்குப் பயிற்சி தரவில்லை என்றே வழக்கில் சொன்னார்கள். சத்தத்தை எப்படி நிறுத்துவது என்ற அறிவிப்பு ஃப்ரீசரிலேயே ஒட்டப்பட்டிருந்ததாம். அறிவிப்பு ஒட்டுவது ஒன்று, அந்தத் தளத்தில் வேலை செய்கிறவரை நேரில் நிறுத்தி "இது அடித்தால் தொடாதே, இந்த எண்ணுக்குக் கூப்பிடு" என்று சொல்வது வேறு. அந்த இரண்டாவதுதான் எங்களுக்கு வேண்டும். அது எங்கள் நிறுவனத்தின் பயிற்சியும் உங்கள் ஆய்வகத்தின் தகவலும் சேர்ந்தால்தான் நடக்கும்.

இனி மொட்டை மாடிக்கு வருவோம், ஏனென்றால் அங்கேதான் இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே ஒருவருக்கொருவர் ஆபத்தாகிறோம். கீழே ஆய்வகத்தின் ஃப்யூம் ஹூடு இழுக்கும் ஆவியெல்லாம் மாடியிலுள்ள புகைபோக்கி வழியாக வெளியே வரும். மாடியில் தளம் ஒழுகாமல் இருக்கப் பூச்சு அடிக்கிறவர் அதன் பக்கத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். ஆவியை இழுக்கும் விசிறி ஓடினால் அவர் அதைச் சுவாசிக்கிறார். விசிறியை நிறுத்தினால் கீழே ஹூடின் முன் நிற்கும் மாணவி சுவாசிக்கிறார். இதற்கு ஒரே வழி, இரண்டு பேரும் முன்னாடியே பேசி நேரம் குறித்துக்கொள்வதுதான். எந்த நாளில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை விசிறி நிற்கும், அந்த நேரத்தில் எந்தெந்த ஹூடில் வேலை நடக்காது, ஆய்வகத்தில் யார் பொறுப்பு, அவருடைய தொலைபேசி எண் என்ன? இவ்வளவும் வேலை அனுமதிச் சீட்டில் இருக்க வேண்டும். அப்புறம் விசிறிக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஸ்விட்சில் பூட்டு. மாடியில் இருப்பவரின் பூட்டு, சாவி அவர் சட்டைப் பையில். "ஆன் செய்யாதீர்கள்" என்று ஒரு தாளில் எழுதி செலோடேப்பில் ஒட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். வெயிலுக்கு டேப் உரிந்து தாள் காற்றில் போய்விடும். யாராவது வந்து ஸ்விட்சைப் போட்டுவிடுவார்கள். போட்டவர்மேல் தப்பும் இல்லை. இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு, ஐந்து பேர் என்றால் ஐந்து பூட்டு. தன் பூட்டைத் தானே கழற்ற வேண்டும். இதைப் பெரிய தொந்தரவாக நினைக்கும் துறைகள் இன்னும் இருக்கின்றன.

பழைய கட்டடங்களில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கும். கூரைத் தகட்டில், குழாய்மேல் சுற்றிய உறையில், தரை ஓட்டின் அடியில், தீத்தடுப்புப் பலகையில். அதில் ட்ரில் போட்டு அந்தத் தூசியைச் சுவாசிக்கிற ஆளுக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகாது. இருமல்கூட வராது. நோய் வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அதற்குள் அவர் எத்தனையோ நிறுவனங்கள் மாறியிருப்பார், எந்தச் சுவரில் வாங்கிய தூசி என்று யாராலும் சொல்ல முடியாது. பிரிட்டனில் 2012-ஆம் ஆண்டின் கல்நார் கட்டுப்பாட்டு விதிகள் இதற்கு நேரான வழி சொல்கின்றன: கட்டடத்தைப் பராமரிக்கும் பொறுப்புள்ளவர் கல்நார் எங்கே இருக்கிறது என்று கண்டறிந்து பதிவு வைத்திருக்க வேண்டும், அதைக் கலைக்க நேரக்கூடிய ஒவ்வொருவருக்கும் அந்தத் தகவலைத் தர வேண்டும். உங்கள் நாட்டின் சட்டம் இதைக் கட்டாயப்படுத்துகிறதோ இல்லையோ, சுவரில் முதல் துளை விழுவதற்கு முன் அந்தப் பதிவை மேசைமேல் வையுங்கள். பதிவே இல்லையென்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலையைத் திட்டமிடுவோம்.

ஒப்பந்தப் பத்திரத்தின் அந்த ஒரு வரிக்கு வருகிறேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆம் உடன்படிக்கை, ஒரே பணியிடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஒரே நேரத்தில் இயங்கினால் அவை பாதுகாப்பு விஷயத்தில் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கான செலவு தொழிலாளியின் தலையில் விழக்கூடாது என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. பாதுகாப்பான, ஆரோக்கியமான பணியிடம் அடிப்படை உரிமை என்று 2022 ஜூனில் அந்த அமைப்பு அறிவித்தபோது, இந்த உடன்படிக்கையையும் அடிப்படை உடன்படிக்கைகளில் சேர்த்தது. பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டுப் பணியிடச் சுகாதார, பாதுகாப்புச் சட்டமோ, தன்னிடம் வேலை செய்யாதவர்களுக்கும் தன் நடவடிக்கையால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்று தெளிவாக வைத்திருக்கிறது. வேலையை ஒப்பந்தத்தில் விடலாம். அந்தக் கட்டடம் உங்களுடையது என்பதை ஒப்பந்தத்தில் விட முடியாது.

டெண்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை என்றால், முறையான சாரத்துக்கும் மாஸ்க்குக்கும் காற்று அளக்கும் கருவிக்கும் கணக்குப் போட்டவர் தோற்றுப்போவார். எதற்கும் கணக்குப் போடாதவர் ஜெயிப்பார். அப்புறம் அவர் வேலையைத் துணை ஒப்பந்தத்துக்கு விடுவார், அவரும் இன்னொருவருக்கு விடுவார். உங்கள் கையெழுத்து இருப்பது முதல் ஆளோடு, சாரத்தில் ஏறுவது மூன்றாவது ஆளின் ஆள். ஹாங்காங்கின் அரசுப் பணிகளில் பாதுகாப்புச் செலவைப் போட்டி விலைக்கு வெளியே தனியாக வைத்து, செய்ததைப் பார்த்துப் பணம் தரும் முறை 1996 முதல் இருக்கிறது. இது நல்ல முறை என்பது என் எண்ணம். பாதுகாப்புக்கென்று தனி வரி, அதில் பேரம் கிடையாது, செய்திருந்தால்தான் பணம். எங்களில் ஒழுங்காக வேலை செய்ய நினைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது.

வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் வகுப்பு எடுப்பதாகப் பல வளாகங்கள் சொல்கின்றன. வருகைத் தாளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பத்துப் பதினைந்து கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருக்கும். வந்தவர்களில் பாதிப் பேருக்கு அங்கே பேசிய மொழி புரிந்திருக்காது. புரியாத மொழியில் காட்டும் ஐம்பது ஸ்லைடுகளுக்குப் பதில், அவர் வேலை செய்யப்போகும் அறைவாசலில் நிறுத்தி, அவர் மொழி தெரிந்த ஒருவரைக்கொண்டு பத்து நிமிடம் பேசினால் போதும். எதைத் தொடக்கூடாது, அலாரம் அடித்தால் எந்தப் படிக்கட்டு, கண்ணில் ஏதாவது தெறித்தால் தண்ணீர் எங்கே, யாரைக் கூப்பிடுவது. பேசி முடித்ததும் அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

வகுப்புக்கு இடைஞ்சல், தேர்வு நேரம், சத்தம் கூடாது என்று எங்கள் வேலையை இரவுக்கும் விடுமுறைக்கும் தள்ளுகிறீர்கள். காரணம் புரிகிறது. வகுப்பு விட்டதும் தாழ்வாரம் முழுக்கப் பிள்ளைகள் நடமாடும் நேரத்தில் மேலே கனமான குழாயைத் தூக்குவது எங்களுக்கும் பயம்தான். ஆனால் இரவில் ஆய்வகப் பொறுப்பாளர் இருக்க மாட்டார், மருத்துவ அறை பூட்டியிருக்கும், காவலாளிக்கு எந்த பிரேக்கர் எந்த அறைக்கு என்று தெரியாது. வெல்டிங் புகைக்கு அடிக்கும் என்று அந்தப் பகுதியின் தீ அலாரத்தை நிறுத்தி வைப்பார்கள், காலையில் திருப்பிப் போட மறந்துவிடுவார்கள். வெல்டிங் முடிந்த பிறகும் குறைந்தது ஒரு மணி நேரம் ஓர் ஆள் தண்ணீரும் தீயணைப்பானுமாகக் காவல் இருக்க வேண்டும், ஏனென்றால் பொறி உள்ளே விழுந்து புகைந்து தீயாக நேரம் எடுக்கும். இரவு வேலை என்றால் விவரம் தெரிந்த ஒருவர் உங்கள் தரப்பில் விழித்திருக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் அந்த இரவு வேலை வேண்டாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். "இந்த அறைக்குள் ஏதோ வாடை வருகிறது, நான் போக மாட்டேன்" என்று ஒருவர் சொன்னால், அன்றைக்கு அவரை யாரும் திட்டுவதில்லை. அடுத்த நாள் வேலைக்குக் கூப்பிடுவதுமில்லை. அதைப் பார்த்த மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகுகிறவருக்கு அதனால் பாதகம் வரக்கூடாது என்று மேலே சொன்ன 155-ஆம் உடன்படிக்கையே சொல்கிறது. இதை எங்கள் முதலாளிகள் காப்பாற்றுகிறார்களா என்று கேட்கும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது, ஏனென்றால் பணம் தருவது நீங்கள். கேளுங்கள். மயிரிழையில் தப்பிய சம்பவங்களைத் தெரிவிக்கும் நிறுவனத்தின் பெயரில் சிவப்புக் கோடு போடுவதையும் நிறுத்துங்கள். எங்கள் ஆளுக்கு அடிபட்டால் அது உங்கள் விபத்துக் கணக்கிலும் ஏற வேண்டும். வெளியாள் என்று தனிக் கோப்பில் போட்டு மூடிவிட்டால், அதே அறையில் அதே விபத்து இன்னொருவருக்கு நடக்கும்.

அப்படியானால் நாளைக்கே என்ன செய்யலாம்? ஒவ்வொரு ஆய்வகக் கதவிலும் ஒரே ஒரு தாள்: உள்ளே என்ன ஆபத்து, எதைத் தொடக்கூடாது, இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண், கடைசியாகத் திருத்திய தேதி. அறையின் பயன்பாடு மாறினால் தாளும் மாற வேண்டும். ஆய்வகத்தைக் காலி செய்துவிட்டுப் போகும் பேராசிரியர், சிங்க், ஹூடு, குளிர்பெட்டி மூன்றிலும் என்னென்ன போயிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகே சாவியை ஒப்படைக்க வேண்டும். வேலை அனுமதிச் சீட்டில், அலுவலகத்தில் உட்கார்ந்தபடி முத்திரை குத்துகிறவர் வேண்டாம், அந்த அறையைத் தெரிந்தவர் அந்த இடத்துக்கே வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்த ஒப்பந்தப் பத்திரத்தின் பாதுகாப்புப் பகுதியைத் திருத்த நீங்கள் உட்காரும்போது, எங்கள் நிறுவன மேலாளர்களை மட்டும் கூப்பிடாதீர்கள். உங்கள் வளாகத்தில் குழாய் அறுக்கிற பிளம்பரையும், மாடியில் ஏறுகிற ஏசி மெக்கானிக்கையும், இரவில் ஆய்வகம் துடைக்கிற அம்மாவையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், அன்றைய கூலியையும் சேர்த்துக் கொடுத்து. எந்த அறையில் எது சரியில்லை என்று உங்களிடம் நேராகச் சொல்ல அவர்கள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வளாகங்களில் வேலை செய்யும் ஒப்பந்தப் பணி மேற்பார்வையாளர் ஒருவர்